நாற்றமில்லாத வண்டி

எனக்கு வண்டி ஆகாது. சிலருக்குக் கத்தரிக்காய் ஆகாது, சிலருக்குக் கருவாடு ஆகாது, எனக்குச் சக்கரம் வைத்த எதுவும் ஆகாது. ரயில் மட்டும் பரவாயில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கொழும்பு வரைக்கும் போய்விடுவேன். பஸ், வேன், லொறி, த்ரீவீலர் என்றால் தோட்டத்து முதல் வளைவைத் தாண்டுவதற்குள் வயிறு தொண்டைக்கு வந்துவிடும். மலையிலே பிறந்தவனுக்கு இப்படி இருக்கலாமா என்று கேட்பார்கள். மலையிலே பிறந்ததால்தான் இருக்கிறது. தட்டையான ஊரில் பிறந்திருந்தால் இப்படி ஒரு வியாதி இருப்பது எனக்கே தெரியாமல் போயிருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்லச் சொல்ல இளைய மகள் எழுதுகிறாள். வாந்தி என்று நான் சொல்லும்போதெல்லாம் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். என்ன செய்வது, அதை எடுத்துவிட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

சின்ன வயதில் கதிர்காமம் போக என்னைத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். பின்னால் சாக்கு விரித்து எல்லாரும் உட்கார்ந்து அரோகரா போட்டார்கள். முதல் அரோகராவிலேயே நான் ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த காவடிக்காரர் மேலே பட்டுவிட்டது. விரதம் கெட்டுப் போச்சு என்று அவர் பொல்பிட்டிய பக்கம் லொறியை நிறுத்தச் சொல்லி, ஆற்றில் முழுகிவிட்டுத்தான் மறுபடி ஏறினார். போன தூரம் முழுக்க என் அம்மா என் தலையை லொறிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தாள். கதிர்காமத்தில் முருகனைக் கும்பிட்ட ஞாபகம் எனக்கு இல்லை. லொறியின் பக்கப் பலகை ஞாபகம் இருக்கிறது. பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தது, ஓரத்தில் உரிந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் நடைதான். தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்ட மலை ஏறுவது எல்லாருக்கும் நடை. எனக்கு அட்டன் டவுனுக்குப் போவதும் நடை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் நடை. என் கல்யாணத்துக்கும் நடந்துதான் போனேன். மாப்பிள்ளைக்கு என்று கார் பிடித்து, பூ எல்லாம் கட்டியிருந்தார்கள். நான் ஏற மாட்டேன் என்றுவிட்டேன். பிடித்த காரைத் திருப்பி அனுப்ப முடியுமா? கார் முன்னால் போனது, நான் பின்னால் நடந்தேன். மாலை கசங்காமல் இருக்க என் தாய்மாமன் அதை மடியில் வைத்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்திருந்தார். பெண் வீட்டார் காரைக் கண்டதும் ஓடி வந்து அவருக்கு ஆலாத்தி எடுத்துவிட்டார்கள். என் மனைவி இதை இன்றைக்கும் சொல்வாள். அவரையே கட்டியிருக்கலாம் என்றும் சேர்த்துச் சொல்வாள்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருக்கிறது.

மூத்த மகளுக்குப் பூண்டுலோயாப் பக்கம் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் வேனில் போனோம். பெண்ணைப் பெற்றவன் தாம்பூலத் தட்டோடு போய் நிற்க வேண்டும், அங்கே என் நடை எடுபடாது. வழியெல்லாம் வாந்தி எடுத்து, இனி எடுக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டுதான் வாசலில் இறங்கினேன். சம்பந்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு கட்டிப்பிடிக்க வந்தார். புது வேட்டி, நல்ல வெள்ளை. மிச்சம் இருந்ததெல்லாம் அதற்குப் போனது.

அவர்கள் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுப்படியில் பேசிக்கொண்டது எங்கள் காதுக்கும் வந்தது. விடிந்ததும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பேச்சு. நான் குடிக்கிறவன் இல்லை. என் மனைவி வீட்டுக்கு வீடு சத்தியம் செய்து அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தாள். என்றாலும் மூத்தவள் குழம்பில் உப்புக் கூடினால், குடிகாரன் வீட்டுப் பெண் என்று அங்கே யாராவது ஒருவர் இன்றைக்கும் சொல்லத்தான் செய்கிறார்கள். அவள் எங்களிடம் சொல்வதில்லை. தங்கச்சியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள்.

அந்தத் தங்கச்சிதான் இதை எழுதுகிறவள். அட்டனில் போன், கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் வேலை செய்தாள். கடைக்குச் சாமான் கொண்டு வருகிற பையன் ஒருவன் இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் தோட்டத்துக்காரன். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விட்டது. பையனின் அப்பா பெண் பார்க்க வந்தார், கூட ஒரு சித்தப்பா வந்தார். அம்மா வரவில்லை. கால் வலி என்றார்கள்.

"கால் வலியா, நம்ம வீட்டு வாசப்படி பிடிக்காத வலியா," என்றாள் என் மனைவி, அவர்கள் போன பிறகு.

அடுத்து நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும். ஆடி கழியட்டும் என்று முடிவானது. எங்கள் வட்டவளையிலிருந்து இரத்தினபுரிக்கு ரயில் கிடையாது. கினிகத்தேனை இறக்கம் முழுக்க வளைவு, அதற்குக் கீழே கித்துல்கலை வரைக்கும் அதை விட வளைவு. இளைய மகள் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்.

"அப்பா, நீங்க வராம முடியாது. வந்து அக்காவுக்கு நடந்த மாதிரி எனக்கு நடந்தாலும் முடியாது."

எலுமிச்சம்பழம் வாங்கி வைக்கிறேன் என்றேன்.

அந்த நாட்களில்தான் அவள் அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தாள். யாரோ திருத்தக் கொடுத்துவிட்டு வெளிநாட்டுக்குப் போய்விட்டார்களாம், முதலாளி நீயே வைத்துக்கொள் என்றிருக்கிறார். டிவியில் பூட்டி விளையாடுகிற கேம் பெட்டி. கூடவே ஒரு ஸ்டியரிங், காலுக்கு இரண்டு பெடல், ஓடுவதற்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று. மழையில் நனையாமல் தலையில் பொலித்தீன் போட்டு ஸ்டியரிங்கை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. தோட்டத்து லய வரிசையை விட்டுப் புது வீட்டுக்கு வந்த பிறகு வாங்கிய சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கை முடுக்கினாள். பெடல் சிமெந்துத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. அதற்கு முட்டுக் கொடுக்கத் தேங்காய் துருவும் பலகையைச் சுவரோடு வைத்தோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒன்று வண்டி ஓடும், இல்லாவிட்டால் தேங்காய்ச் சம்பல் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது.

அவள் ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்தேன். காருக்குள்ளே உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. கண்ணாடியில் மழை விழுந்தது, வைப்பர் ஆடியது. மகள் எழுந்து நீங்கள் ஒரு தரம் பாருங்கள் என்றாள். ஒரு கையில் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டினேன். இரண்டாவது வளைவில் எழுந்து வாசல் சாக்கடைக் கானுக்கு ஓடினேன்.

"வீட்டுக்குள்ள நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு வாந்தி எடுக்கிற மனுசன இப்பத்தான் பாக்குறேன்," என்றாள் மனைவி.

"ரெண்டாவது வளைவு வரைக்கும் போனாரும்மா," என்றாள் மகள். "வேன்ல ஒரு வளைவுக்கே தாங்க மாட்டாரு."

அந்தப் பேச்சு என் மண்டையில் நின்றுவிட்டது. மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு நானே பெட்டியைப் போட்டேன். போடுவதற்கு எங்கே அழுத்த வேண்டும் என்று அவள் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். முதலில் வண்டியை ஓட்டவில்லை. ஸ்டார்ட் மட்டும் செய்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சும்மா காலை வைத்து வைத்து எடுத்தேன். சத்தம் கூடுவதும் குறைவதும் கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டீர்களாமே என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒன்று புரிந்தது. அந்த வண்டியில் நாற்றம் இல்லை.

எனக்கு அதுவரை வண்டி என்றால் ஒரு நாற்றம்தான். டீசல், வெயிலில் காய்ந்த சீட்டு, முன் சீட்டுக்காரரின் தலை எண்ணெய், யாரோ பையில் கொண்டு போகிற கருவாடு. வண்டிக்கு ஒரு உருவம் இருக்கிறது, ஒரு குரல் இருக்கிறது என்று நான் கவனித்ததே இல்லை. வண்டிக்குள் இருக்கும்போது எப்போதும் கண்ணை மூடியிருப்பேன். கண்ணை மூடினவனுக்கு என்ன தெரியும். இந்த வண்டியில் மூக்குக்கு வேலை இல்லை, அதனால் கண்ணும் காதும் வேலை செய்தன. பிரேக் பிடித்தால் வண்டி முன்பக்கம் குனிந்தது. கொழுந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் வருகிறவன் நின்றால் அவனும் அப்படித்தான் குனிவான். வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கத்து டயர் கீச்சென்று அழுதது. மெதுவாகத் திருப்பினால் ஒன்றும் சொல்லாமல் வந்தது. ஒரு வண்டி இவ்வளவு பேசும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரோட்டில் ஒரு பச்சைக் கோடு தெரியும். வளைவு வரப் போகிறது என்றால் அது சிவப்பாகும், சிவப்பில் பிரேக் பிடிக்க வேண்டும். எழுத்துத் தெரியாதவனுக்கும் தெரிகிற கோடு. சிவப்பைக் கண்டதும் என் உடம்பு தன்னால் தயாரானது. வளைவு என் மேல் வந்து விழவில்லை, நான்தான் வளைவுக்குப் போனேன். வயிறு பேசாமல் இருந்தது. இத்தனை வருசமாக என் வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை, அடுத்து என்ன வரப் போகிறது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் கேமில் நான் எப்போதும் கடைசி. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நிறுத்திப் பார்ப்பேன். எங்கள் ரோட்டில் வளைவென்றால் ஹோர்ன் அடிக்க வேண்டும், அந்தக் காரில் ஹோர்ன் இல்லை. ஹோர்ன் இல்லாவிட்டால் நின்றுதானே போக வேண்டும்.

"எதிர எதுவும் வராதுப்பா," என்றாள் மகள். "எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க. இது ரேஸு."

"ரேஸா இருந்தா என்னா? ரோடு ரோடுதான். ஒரு கொழுந்து லொறி வந்தா?"

"கொழுந்து லொறி வராதுப்பா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழி விட வேண்டும், அதுவும் மலைச் சட்டம். பின்னால் சத்தம் கேட்டாலே நான் ஒதுங்கிவிடுவேன். கேம் ரோட்டில் ஒரு வளைவில் வெள்ளையாக ஒரு சின்னக் கட்டிடம், மேலே சிவப்புக் கொடி. முதல் நாள் கும்பிடாமல் தாண்டிவிட்டேன். மனது கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தச் சாரதியும் ரோட்டோரத்துச் சாமியைக் கும்பிடாமல் தாண்ட மாட்டான். ரிவர்ஸ் எடுத்து வந்து கும்பிட்டேன். டிவி முழுக்கச் சிவப்பாக என்னமோ வந்து வண்டி நின்றுவிட்டது. நீ ரேஸிலேயே இல்லை என்று போட்டிருக்கிறது என மகள் வாசித்துச் சொன்னாள். அது கோயில் இல்லை, கொடிக்காரர் நிற்கிற இடம் என்றும் சொன்னாள். கொடி கட்டி, வளைவில் வைத்து, அதற்கு ஒரு ஆளையும் போட்டிருக்கிறார்கள், அது கோயில் இல்லாமல் என்ன? அடுத்த தடவைகளில் ஓடுகிற ஓட்டத்திலேயே ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி மணலுக்குள் போனது.

மனைவி சாமி பக்கம் பேசினாள். "கும்புடுறதுன்னா ரெண்டு கையாலயும் கும்புடணும். ஒத்தக் கையால கும்புட்டா அப்படித்தான் தூக்கி எறியும்."

பிறகு மெல்ல மெல்ல நிற்காமல் போகப் பழகினேன். வேகம் வந்தது என்று சொல்ல மாட்டேன், பயம் போனது. கேமில் சின்னதாக ஒரு பழைய கார் இருந்தது, உருண்டைக் கண் வைத்தது. அதைத்தான் எடுப்பேன். அதற்கு எங்கே மூச்சு வாங்கும், எந்த ஏற்றத்தில் கியரைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சும் என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சோறு வேகிற வரைக்கும் ஓட்டுவேன், தேங்காய் துருவ வேண்டும் என்று மனைவி வந்து பலகையை உருவினால்தான் நிறுத்துவேன்.

அந்தப் பைத்தியம் வீட்டோடு நிற்கவில்லை. வட்டவளைக் கடைவீதியில் வளைவைப் பார்த்து ஒரு இடம் பிடித்து நிற்க ஆரம்பித்தேன். மழை விட்டிருந்தால் குடை இல்லாமல், விடாவிட்டால் குடையோடு. எந்த வண்டி வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கிறது, எது வளைவுக்குள் வந்து பிடிக்கிறது, யாருடைய டயர் மொட்டையாகிவிட்டது என்று பார்ப்பேன். நான் பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்று நினைத்து வருகிற பஸ் எல்லாம் நின்றது.

"சீயா, நகினவாத?" என்பார் கண்டக்டர் சிங்களத்தில், தாத்தா ஏறுகிறீர்களா என்று.

"நே மாத்தையா, நிக்கங் பலனவா," என்பேன். சும்மா பார்க்கிறேன் என்றால் அவருக்கு விளங்காது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மணி அடிப்பார்.

என் மச்சான், மனைவியின் தம்பி, ஹயர் வேன் ஓட்டுகிறவர். என்னை ஏற்றி ஏற்றியே அவருடைய வேனின் பின் சீட்டுக்கு ரெக்ஸின் இரண்டு தடவை மாற்ற வேண்டி வந்தது. அவரிடம் போய் முன் சீட்டில் உட்கார்ந்து கினிகத்தேனை வரைக்கும் வருகிறேன் என்றேன். அவர் முன் சீட்டில் பொலித்தீன் விரித்தார். போய்த் திரும்பினோம். ஒன்றும் நடக்கவில்லை. அவர் பொலித்தீனை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மச்சான், டாக்குத்தர்கிட்ட போனீங்களா, சாமியார்கிட்ட போனீங்களா?"

ரேஸ் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். அவர் அக்காவிடம் போய் ரகசியமாக விசாரித்திருக்கிறார், புத்தி சரியாக இருக்கிறதா என்று.

ஆவணி பிறந்தது. நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். மகள் வரக் கூடாது, அது முறையில்லை. மச்சான், நான், மனைவி, உறவில் நாலைந்து பேர். எப்போதும் முன் சீட்டு மனைவிக்குத்தான். அவளுக்கு வாழ்நாளில் ஒரு தலைசுற்றல் வந்தது கிடையாது, வண்டியில் ஏறினால் வழியெல்லாம் கடலை தின்றுகொண்டு வருவாள். அன்றைக்கு மகள் அம்மாவைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை முன்னால் வைத்தாள். மனைவி பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏறினதிலிருந்து எல்லாருக்கும் ஒரே சட்டம் படித்துக்கொண்டு வந்தாள். பேச்சு முடிந்து தாம்பூலம் மாற்றுகிற வரைக்கும் அந்த வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது. கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம், பிறகு ஒன்றும் கேட்க முடியாது. பெண் பார்க்க வராத அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று தெரிய வேண்டும், அது தெரிகிற வரைக்கும் ஒரு வாய் தண்ணீர் கூடப் பல்லில் படக் கூடாது.

கினிகத்தேனையில் இறக்கம் தொடங்கியது. எனக்கு அவ்வளவு சந்தோசம். ரோட்டில் கோடு இல்லாவிட்டாலும் எனக்குக் கோடு தெரிந்தது. எங்கே சிவப்பாக வேண்டுமோ அங்கே என் கால் தன்னால் தரையை அழுத்தியது. ஆனால் மச்சான் பிரேக் பிடிக்கிற இடம் வேறு. அவர் வளைவுக்குள் போன பிறகுதான் பிடிப்பார்.

"இப்ப பிரேக்," என்றேன்.

அவர் வளைவுக்குள் போய்த்தான் பிடித்தார். அடுத்த வளைவுக்கும் சொன்னேன். அதற்கடுத்ததற்கும். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிரேக் என்கிற அந்த நொடியிலேயே ஒரே மிதியாக மிதிக்க ஆரம்பித்தார். வேன் குனிந்து நிமிர்ந்தது. நான் முன்னால் இருந்தேன், அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும், சொல்வதே நான்தானே. பின்னால் இருந்தவர்களுக்குத் தெரியாது.

வீட்டிலிருந்து மகள் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா எடுத்தாரா?" என்று கேட்பது எனக்கே கேட்டது. இல்லை என்று பின்னாலிருந்து மனைவி பதில் சொன்னாள். முதலில் சத்தமாகச் சொன்னாள். கித்துல்கலையில் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். அவிசாவளை தாண்டியதும் போனை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டாள். கடலைச் சுருளைப் பிரிக்கவே இல்லை. நான் அதையெல்லாம் கவனிக்கவில்லை. முன்னால் ஒரு பழைய லொறி போனது, அதன் கியர் மாற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனேன்.

இறப்பர் மரங்களுக்கு நடுவில் வீடு. வாசலில் எல்லாரும் நின்றார்கள். நான் இறங்கினேன். வயிறு கல் மாதிரி இருந்தது. சம்பந்தி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார், நானும் நீட்டினேன். இதற்காகத்தான் இத்தனை நாள் பாடுபட்டேன். யாராவது என்னைப் பார்க்கிறார்களா என்று திரும்பினேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லாரும் வேனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி இறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். மற்றக் காலை வைப்பதற்குள் நடந்துவிட்டது. பழத்தட்டு போனது, பட்டுச் சேலை போனது. எடுத்தது அவள்தான் என்று எனக்கு விளங்கவே கொஞ்சம் நேரம் எடுத்தது. எங்கள் குடும்பத்தில் அது என் வேலை.

அந்த வீட்டுக் கிழவி ஒருவர் மட்டும் கண்ணுக்கு மேலே கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுலயா?" என்று கேட்டார்.

எனக்குப் பூண்டுலோயா வாசல் கண் முன்னால் வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். இங்கே என்ன பேசுவார்கள், மகளுக்கு என்ன சொல்வது, இந்தத் தடவை சத்தியம் செய்யக்கூட ஆள் இல்லையே. சத்தியம் செய்கிறவளே குனிந்து நிற்கிறாள்.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கால் வலிக்காரர் வருகிற நடையாக இல்லை. நேராக வந்து என் மனைவியின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தார்.

"எடுங்க, எடுங்க. அடக்காதீங்க. எனக்கும் இதேதான். பொண்ணு பாக்க நான் வராததே இதுக்குத்தான். இவங்ககிட்ட கால் வலின்னு சொல்லச் சொன்னேன். ஒங்க மலைய நெனச்சாலே எனக்குக் கொமட்டுது."

என் மனைவி குனிந்த நிலையிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் குழாயடிக்குப் போனார்கள். வாய் கொப்பளித்தாள். எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்தாள். உள்ளே போய் அந்த அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மயிலிறகுக் கலர். அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது.

நாங்கள் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். காய்ந்த வாயோடு யாரும் எதையும் தொடவில்லை. சட்டம் போட்டவள் அந்த வீட்டுத் தண்ணீரைக் குடித்து, அந்த வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். மச்சான்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்கா, கை நனச்சாச்சு. சீலையும் கட்டியாச்சு. இனி நாங்க டீ குடிக்கலாமா?"

பேச்சு வார்த்தை அதோடு முடிந்தது. தாம்பூலம் மாற்றினோம். மகளுக்குப் போன் போட்டு, எல்லாம் சரி என்றேன். நீங்கள் எடுத்தீர்களா என்று கேட்டாள். நான் இல்லை என்றேன். அந்த இல்லையில் என்னமோ இருக்கிறது என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும், அம்மாவிடம் போனைக் கொடுங்கள் என்றாள். அம்மா வாங்க மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கல்யாணம் எங்கள் தோட்டத்துக் கோயிலில். மாப்பிள்ளையின் அம்மா வராமல் எப்படி? அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெரிய ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, என்னிடம் ஒரு மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாயை அந்த நிமிசமே அடைத்திருக்கலாம்.

அடுத்த வாரம் மாப்பிள்ளை சாமான் வேனில் வந்து பெட்டியையும் ஸ்டியரிங்கையும் பெடலையும் ஏற்றிக்கொண்டு போனார். என் உருண்டைக் கண் காரும் அதற்குள்ளேயே போனது. மனைவி தேங்காய் துருவும் பலகையை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போய், அன்றைக்கு வேண்டுமென்றே இரண்டு தேங்காய் துருவினாள். நான் கடைவீதிக்குப் போய் பஸ் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரத்தினபுரியிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. சம்பந்தியம்மா காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் எழுந்திருப்பதில்லையாம். சமையல் சம்பந்தியாம். வாந்தி முதல் இரண்டு நாளோடு சரியாம். ஆனால் என்னை மாதிரி நிற்பது, ஒதுங்குவது, கும்பிடுவது ஒன்றும் கிடையாதாம். இருக்கிறதிலேயே பெரிய வண்டியாக எடுத்து, போகிற வண்டியை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறாராம். சுவரில் மோதித்தான் திரும்புகிறாராம். மோதும்போது சிரிப்புச் சத்தம் ரோடு வரைக்கும் கேட்கிறதாம். அவர் கையில் ஒரு வண்டியும் முழுசாக வீடு வந்து சேர்ந்ததில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் அவரே எனக்குப் போன் எடுத்தார். மூச்சு வாங்கியது. இப்போதுதான் ஒரு ரேஸ் முடித்திருக்கிறார் போலிருந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"வயிறு நல்லா இருக்குங்க சம்மந்தி. மலைக்கு வர்றதுக்குப் பயமே இல்ல. ஒன்னு மட்டும் கேக்கலாம்னு எடுத்தேன். இந்தக் கால்ல ரெண்டு வச்சிருக்கே. வலது பக்கம் ஓடுறதுக்கு. இடது பக்கத்துல இருக்கிறது எதுக்குங்க?"